ஒலி: கத்தரிக்காய்

ஆட்டம் முடிந்து திரையில் பெயர்கள் உருளும்போது
என் பெயர் வராது.
ஒலி: கத்தரிக்காய் என்று வரும்.
அடுத்த நிறுவனம் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று
எங்கள் முதலாளிக்குப் பயம்.
பெயர் கேட்ட அன்று சாப்பாட்டுப் பெட்டியில்
கத்தரிக்காய் ஊறுகாய் இருந்தது,
அவ்வளவுதான்.

குராமோச்சி செட்சுவோ, வயது இருபத்து நான்கு.
அமகசாகியில் ரயில் பாலத்தை ஒட்டி மூன்றாம் மாடி.
சில்லுக்குள் எனக்குக் கிடைத்தவை
மூன்று குரல்கள், ஓர் இரைச்சல்.
மூன்றும் சேர்ந்து பாடினால்
தகர டப்பாவுக்குள் தேனீ.
அதைப் பாட்டென்று நம்பவைக்கத்தான் சம்பளம்.
நொடிக்கு அறுபது முறை அதைத் தட்டி எழுப்பி
இப்போது இந்த எண், இப்போது இந்த எண் என்று
காதில் ஓத வேண்டும்.
ஒருமுறை பிந்தினாலும் திக்கும்.

மழை கேட்டார்கள்.
இரைச்சலை மெல்ல மெல்ல இறக்கிக் கொடுத்தேன்.
ஏதோ வதங்குகிறது என்றார் இயக்குநர்.
ஜூன் முழுக்க ஜன்னலைத் திறந்துவைத்து
நிஜ மழையைக் கேட்டேன்;
அது மழை மாதிரியே இல்லை.
கடைசியில் எல்லோரும் தலையாட்டியது
எங்கள் மாடிக் கழிவறைத் தொட்டி நிரம்பும் சத்தத்துக்கு.
யாரிடமும் சொல்லவில்லை.

மெட்டுகள் இசொகாய் தொமோயேவுடையவை.
ஐந்து கோட்டுத் தாளோடு வந்து நிற்பாள்.
இந்த இடத்தில் குழல் மூச்சு வாங்க வேண்டும் என்பாள்.
மூச்சுக்கு மூன்று பைட் ஆகும் என்பேன்.
இரண்டில் முடியாதா?
இரண்டில் இருமலாம்.

இறுதிக் காட்சியில் கோட்டைக் கதவு சாத்த வேண்டும்.
கதவுக்கென்று தனியாகக் குரல் இல்லை,
பாட்டிடம்தான் கடன் வாங்க வேண்டும்.
இரண்டாம் குரலே, கொஞ்சம் ஒதுங்கு,
கதவு சாத்திய பிறகு வா
என்று எழுதிவைத்தேன்.

ஒப்படைக்கும் நாள் விடிகாலை நான்கு மணி.
பதினேழு பைட் அதிகம்.
மேஜைக்கடியில் உறங்குபவர்களைத் தாண்டித் தாண்டி நடந்து யோசித்து
கதவுச் சத்தத்தை அழித்தேன்.
'ஒதுங்கு' என்பதை அழிக்க மறந்தேன்.

இரண்டு லட்சம் அட்டைகளில்
வராத கதவுக்கு
ஒரு குரல் வழிவிட்டு நின்றது.
என் பாட்டின் நடுவில் ஒருத்தி
எழுந்து வெளியே போகிறாளே, எங்கே? என்றாள் தொமோயே.
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் அடுத்த ஆட்டம் முழுக்க
தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

பிறகு குறுந்தட்டு வந்தது.
நாற்பது வயலினைப் பதிந்து அப்படியே ஊற்றலாம்.
நான் பொத்தானை அழுத்துகிறவன் ஆனேன்.
அதன்பின் பச்சின்கோ இயந்திரங்கள்:
தோற்றவனுக்கும் ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும்,
அப்படி ஒரு சத்தம்.
நன்றாக வந்தது.
அதனால்தான் விட்டுவிட்டேன்.
இப்போது வெந்நீர்ச் சாதனங்கள்.
குளியல் தொட்டி நிரம்பியதும்
எட்டு சுரம் பாடி அழைக்குமே, அதில் ஒரு மாடல் என்னுடையது.
தண்ணீர் நிரம்பும் சத்தத்துக்கு என்னை விட்டால் ஆள் யார்?

போன நவம்பரில் யோகொஹாமாவில்
பழைய ஆட்டங்களின் இசைக்கச்சேரி.
எண்பது பேர், கறுப்புக் கோட்டு.
அழைப்பிதழ் உறையின் மேல்
'திரு. கத்தரிக்காய் அவர்களுக்கு'.
அடுத்த இருக்கையில் தொமோயே,
முப்பத்தொரு வருடம் கழித்து, மூக்குக் கண்ணாடியோடு.

இறுதிப் பாட்டு.
யாரோ ஒரு இளைஞன்
விளையாடி விளையாடிக் காதால் கேட்டு எழுதியதாம்.
பதினோராவது வரியில்
இரண்டாம் கிளாரினெட் வாசிக்கும் பெண்
கருவியை மடியில் இறக்கிக் காத்திருந்தாள்.
அவளுக்காக மொத்த அரங்கமும் மூச்சைப் பிடித்தது.
நான் எண்ணினேன்:
அறுபதில் நாற்பத்திரண்டு.
சரியாக இருந்தது.

பின்வரிசையில் ஒருவர் மூக்கு உறிஞ்சினார்.
உருக்கமான இடம் என்று நினைத்திருப்பார்.

தொமோயே மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்
இருட்டில் என் ஷூவை மிதித்தாள்.
பலமாகத்தான்.